மாலைக்கண் வேடன்

கோடை முற்றிப்போன ஒரு காட்டில் ஒரே ஒரு குளம்தான் வற்றாமல் மிச்சமிருந்தது. அதை நம்பி இருபத்து மூன்று புள்ளிமான்கள் உயிர் வாழ்ந்தன. பகலெல்லாம் நிழலில் அசைபோட்டுக் கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் அவை வரிசையாக இறங்கித் தண்ணீர் குடிக்கும்.

எல்லாம் தலையைக் குனிந்துகொண்டால் ஆபத்தை யார் பார்ப்பது? அதற்காக ஒரு மான் மட்டும் கரைமேல் காவல் நிற்கும். ஏதாவது சரசரப்புக் கேட்டால் சட்டென்று வாலைத் தூக்கும். வாலின் அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று தெரிந்ததும் மற்ற மான்கள் என்ன ஏது என்று கேட்காமல் ஓடிவிடும். மான் குலத்தில் இதுதான் வழக்கம்.

அந்தக் கோடையில் காவல் வேலை தும்பை என்ற பெண்மானுக்கு வந்து சேர்ந்தது. தும்பை இயல்பிலேயே பயந்த சுபாவம். சருகு விழுந்தாலும் திடுக்கிடும். போதாக்குறைக்குப் பிறந்து பன்னிரண்டு நாளே ஆன குட்டி ஒன்றைப் புல்லுக்குள் ஒளித்து வைத்திருந்தது. தனக்கு ஒன்று ஆகிவிட்டால் அந்தக் குட்டிக்குப் பால் கொடுக்க நாதியில்லை என்ற நினைப்பு அதை ஒரு வாய் புல்லைக்கூட நிம்மதியாகத் தின்னவிடவில்லை.

பயந்தாங்கொள்ளியைக் காவலுக்கு வைத்தால்தான் காவல் ஒழுங்காக நடக்கும் என்று சொல்லிச் சிரித்தது தலைமை மான் கிளைக்கொம்பன். அது ஒன்றும் கெட்ட மான் அல்ல. இரண்டு பஞ்சத்தில் கூட்டத்தைச் சேதமில்லாமல் காப்பாற்றிய மான். அதனாலேயே தனக்குத் தெரியாதது எதுவும் இந்தக் காட்டில் இல்லை என்று நம்பிவிட்டது.

ஒருநாள் காட்டோரத்து வெட்டவெளிக்கு ஒரு வேடன் வந்தான். வைக்கோலைத் திரித்துக் கட்டி, மான் மாதிரி ஒன்று செய்து பக்கவாட்டில் நிறுத்தினான். நாற்பது அடி தள்ளி நின்று வில்லை வளைத்தான். அப்போது சூரியன் மலைமேல் சிவந்து நின்றது. பத்து அம்பு விட்டான். அதில் ஆறு அம்பு வைக்கோல் மானைத் தொடாமல் புல்லில் போய் விழுந்தது.

காரைப் புதருக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்த்த மான்களுக்கு முதல் அம்பிலேயே பாதி உயிர் போய்விட்டது. ஆறாவது அம்பும் தவறியதும் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது.

வில்லும் கையுமாக ஒருவன் காட்டுக்குள் வந்தால் நரிக்கு மூக்கில் வியர்க்காமல் இருக்குமா? அதுவும் வந்து மான்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

"ராசா, நீங்க ஏன் வீணா பயப்படுறீங்க? பொழுது சாஞ்சா அவனுக்குக் கண்ணு தெரியாது. மாலைக்கண்ணு! அந்த ஊர்க் கோழிங்களே எங்கிட்டச் சொல்லிச்சு" என்றது நரி.

மாலைக்கண் என்றால் பொழுது சாய்ந்ததும் பார்வை மங்கிப்போகிற நோய். அந்தப் பேர் மான்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. கோழி எந்தக் காலத்தில் நரியிடம் நின்று நிதானமாகப் பேசியது என்று ஒரு மானும் கேட்கவில்லை.

அதன் பிறகு வேடன் தினமும் வந்தான். தினமும் பத்து அம்பு விட்டான். தினமும் ஐந்தோ ஆறோ தவறியது. மூன்றே நாளில் மான்களுக்கு அந்த வேடிக்கை சலித்துவிட்டது. "இன்னைக்கு எத்தனை?" என்று கிளைக்கொம்பன் கேட்கும். "ஆறு, ராசா" என்று நரி சொல்லும். கூட்டம் சிரித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகும். குட்டிமான்கள்கூட ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு, "மாலைக்கண்ணு, மாலைக்கண்ணு" என்று விளையாடின.

தும்பை மட்டும் தினமும் புதருக்குப் பின்னால் போய் நின்று பார்த்தது. வேடன் வெட்டவெளியில் இருக்கிறவரை குளத்தில் காவல் எதற்கு என்று மற்ற மான்கள் அதை விட்டுவிட்டன. காவல் மான் அல்லவா? பார்க்காமல் இருக்க அதற்கு மனம் வரவில்லை. பார்த்தாலும் நிம்மதி வரவில்லை.

ஒன்பதாம் நாள் வேடன் சீக்கிரமே வந்துவிட்டான். வெயில் இன்னும் நன்றாகவே இருந்தது. ஆனால் அவன் வில்லை எடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். எதற்காகக் காத்திருக்கிறான் என்று தும்பைக்குப் புரியவில்லை. சூரியன் இறங்கியது. அவன் அசையவில்லை. மரங்களின் பச்சை கறுத்தது. அப்போதும் அசையவில்லை. வௌவால்கள் கிளம்பின பிறகுதான் எழுந்து நின்றான்.

தும்பை நாட்களை வரிசையாக நினைத்துப் பார்த்தது. முதல் நாள் சிவந்த சூரியன் இருக்கும்போது அம்பு விட்டான். ஐந்தாம் நாள் சூரியன் மறைந்த பிறகு. இன்றைக்கு வௌவால் கிளம்பின பிறகு. தவறுகிற அம்பு தினமும் அதே ஐந்தோ ஆறோதான். ஆனால் வெளிச்சம் அதே வெளிச்சம் இல்லை.

அன்றைக்கு அவன் இன்னொரு புது வேலையும் செய்தான். வைக்கோல் மானின் பின்புறத்தில் சுண்ணாம்பு பூசிய பாக்குமட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். அதிலிருந்து ஒரு கயிறு வந்து அவன் கால் கட்டைவிரலில் முடிந்தது. முதலில் ஒரு சுள்ளியை மிதித்து ஒடித்தான். படக்! உடனே கயிற்றை இழுத்தான். மட்டை எழும்பி, இருட்டில் வெள்ளையாகத் தெரிந்தது. அம்பு பறந்தது.

அவன் அம்புகளைப் பொறுக்கிக்கொண்டு போன பிறகு தும்பை வைக்கோல் மானிடம் போனது. வைக்கோலில் பழைய ஓட்டைகள் கழுத்து, தொடை, முதுகு என்று கண்ட இடத்தில் இருந்தன. இன்றைய ஓட்டைகள் நான்கு. நான்கும் ஒரே இடத்தில், முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருந்தன. தும்பை தன் மூக்கை அதன்மேல் வைத்துப் பார்த்தது. நான்கு ஓட்டையும் அந்த ஒரு மூக்குக்குள் அடங்கிவிட்டன. தனக்கு அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியும். அது இப்போது திக்திக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

நேரே கிளைக்கொம்பனிடம் ஓடியது. பார்த்ததையெல்லாம் மூச்சு வாங்கச் சொன்னது.

"மாமா, அவனுக்கு மாலைக்கண்ணு இல்ல. மாலைக்குன்னே ஒரு கண்ணைப் பழக்கிக்கிட்டு இருக்கான். நாம தண்ணிக்கு இறங்குற நேரம் அது. இருட்டுல நம்ம உடம்பு தெரியாது, வால்தான் தெரியும். சுள்ளியை ஒடிச்சா நாமளே வாலைத் தூக்கிக் காட்டிருவோம். வெள்ளையைப் பார்த்து, அதிலிருந்து நெஞ்சு எங்கேன்னு கணக்குப் போட்டு அடிக்கிறான்" என்றது.

கிளைக்கொம்பன் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பக்கத்தில் நரியும் இருந்தது.

"தங்கச்சி சொல்றது சரியாவே இருக்கட்டும் ராசா. இன்னைக்கு எத்தனை அம்பு தவறுச்சுன்னு கேளுங்க" என்றது நரி. ஆறு என்று தும்பை ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. நரி பல்லைக் காட்டியது.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சுனை இருக்கிறதே, அங்கே போய்விடலாமே என்று தும்பை கெஞ்சியது. அரை நாள் நடை, வழியில் சிறுத்தை இருக்கிறது, பால் குடிக்கிற குட்டிகளோடு யார் போவது என்று கிளைக்கொம்பன் மறுத்துவிட்டது. அதுவும் நியாயம்தான். அப்படியானால் காவல் நிற்கிறபோது வாலைத் தூக்காமல் காலைத் தட்டிச் சத்தம் கொடுக்கட்டுமா என்று தும்பை கேட்டது. அதைக் கேட்டதும் கிளைக்கொம்பனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இத்தனை காலமா வாலைப் பார்த்து ஓடிப் பழகின கூட்டம் இது. காலைத் தட்டினா கொசு கடிக்குதுன்னு நினைச்சுக்கிட்டுத் தண்ணி குடிக்கும். வால் தூக்காத மான் காவல் மான் இல்ல, தும்பை. முடியலைன்னா சொல்லிரு, உன்னைக் கூட்டத்தை விட்டு அனுப்பிடுறேன்" என்றது.

குட்டியை வைத்துக்கொண்டு கூட்டத்தை விட்டுப் போனால் ஒரு வாரம் தாங்காது. தும்பை தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தது. நரி சும்மாவா வந்து ஒட்டிக்கொண்டது? வேடன் மானை அடித்தால் குடலும் ஈரலும் தனக்குத்தான் என்று அது நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது தும்பைக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? சொன்னால் நம்ப ஆளில்லை.

அன்று இரவு தும்பை தூங்கவில்லை. வாலைத் தூக்கினால் தன் உயிர் போகும், குட்டியும் சாகும். தூக்காவிட்டால் மற்ற மான்கள் ஓடாது, அதில் எதன் நெஞ்சிலாவது அம்பு பாயும். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் ஒரு சாவு நின்றது.

விடியும்போது ஒன்று மட்டும் புத்தியில் பட்டது. வேடன் எத்தனை நாள் பழகினாலும் பழகுவது வைக்கோல் மானோடுதானே! அது நின்ற இடத்தில் நிற்கும். அது ஒருநாளும் கீழே விழுந்ததில்லை.

மறுநாள் மாலை வேடன் வெட்டவெளியில் நின்றான். தும்பை அதே வெட்டவெளியின் மறுபக்கம், புதருக்குப் பின்னால் நின்றது. அவன் சுள்ளியை ஒடித்தான். தும்பையின் வால் தானாகவே எழும்பியது. எழும்பிய அதே மூச்சில் நான்கு காலையும் மடக்கிக்கொண்டு தரையில் விழப் பார்த்தது. கால் இன்னும் மடங்கவேயில்லை, அதற்குள் அம்பு வைக்கோலில் சொருகும் சத்தம் கேட்டுவிட்டது.

'செத்தேன்' என்று தும்பை மனதுக்குள் சொல்லிக்கொண்டது.

எழுந்து நின்றது. அடுத்த சுள்ளி. மறுபடி செத்தது. அன்று ஒரு மாலைக்குள் பத்து முறை செத்தது. முழங்கால் தோல் உரிந்து எரிந்தது. அந்த எரிச்சலோடு போய்த்தான் குட்டிக்குப் பால் கொடுத்தது.

இப்படி ஒரே அந்தியில் இரண்டு பேர் பழகினார்கள். அவன் கொல்லப் பழகினான், அது சாகாமல் இருக்கப் பழகியது. அவன் இன்னும் கொஞ்சம் இருட்டுக்குக் காத்திருந்தான். தும்பையும் கூடவே காத்திருந்தது. தும்பை பழகத் தொடங்கிய நான்காம் நாள் அம்பின் சத்தம் கேட்டபோது அதன் வயிறு தரைக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்தது. ஆறாம் நாள் இரண்டு விரல் உயரத்தில் இருந்தது. எட்டாம் நாள் வயிறு தரையைத் தொட்ட பிறகு அம்பின் சத்தம் கேட்டது. தும்பைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. ஆனாலும் பத்தில் மூன்று முறைதான் அப்படி முந்த முடிந்தது. மீதி ஏழு முறை அது செத்துக்கொண்டுதான் இருந்தது.

மற்ற மான்கள் இதைப் பார்க்காமல் இருக்குமா? தும்பைக்கு வலிப்பு வந்துவிட்டது என்று ஒன்று சொன்னது. பிள்ளை பெற்ற உடம்பு, பலவீனம் என்று இன்னொன்று பரிதாபப்பட்டது. நரி மட்டும் சிரிக்கவில்லை. அது தும்பையின் காலைப் பார்த்தது, வேடனின் கையைப் பார்த்தது, எழுந்து போய்விட்டது.

தும்பை பழகத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் மாலை வெட்டவெளி காலியாகக் கிடந்தது. சூரியன் மறைந்தது, வௌவால் கிளம்பியது, வேடன் வரவில்லை. வைக்கோல் மான் மட்டும் தனியாக நின்றது.

"ஓய்ஞ்சு போயிட்டான் ராசா. மாலைக்கண்ணை வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்குத்தான் தடவுவான்?" என்றது நரி. மான்கள் துள்ளிக் குதித்தன. கிளைக்கொம்பன் கொம்பை ஆட்டிக்கொண்டு கூட்டத்தைக் குளத்துக்குக் கிளப்பியது.

இத்தனை நாளில் தும்பை இப்படிப் பயந்ததே இல்லை. கிளைக்கொம்பனின் முன்னால் போய் மறித்து நின்றது.

"மாமா, அவன் பழகி முடிச்சுட்டான். அதான் இங்க வரல. இன்னைக்கு மட்டும் குளத்துக்குப் போக வேண்டாம்" என்றது.

"தாகத்தை நாளைக்கு வான்னு சொல்ல முடியுமா, தும்பை? போய்க் காவல் நில்லு" என்றது கிளைக்கொம்பன். அதன் குரலில் கோபம் இல்லை. பயந்த பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற மாதிரிதான் சொன்னது.

குளத்தில் தண்ணீர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. மான்கள் ஒவ்வொன்றாக இறங்கித் தலையைக் குனிந்தன. தும்பை கரைமேல் நின்றது. எதிர்க்கரை நாணலுக்குள் ஒன்றும் தெரியவில்லை. காற்று கூட இல்லை. தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. தன் நெஞ்சு அடிக்கிற சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்கிறதே என்று தும்பை பயந்தது. புல்லுக்குள் குட்டி பசியோடு கிடக்கும் என்ற நினைப்பு வேறு இடையில் வந்தது. நினைக்காதே, நினைக்காதே, காதை மட்டும் தீட்டி வைத்துக்கொள் என்று தன்னைத் தானே அதட்டிக்கொண்டது.

படக்!

வால் எழும்பியது. அதே மூச்சில் கால் மடங்கியது. வயிறு தரையில் மோதியதும் முதுகுக்கு மேலே விர்ரென்று ஒரு காற்று போனது. அம்பு பின்னால் இருந்த ஈரமண்ணில் குத்திக்கொண்டு நின்று அதிர்ந்தது.

வெள்ளையைப் பார்த்த மான்கள் அடுத்த நொடி தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு கரையேறின. ஒன்று இரண்டு என்று பாறைக்குப் பின்னால் பாய்ந்து மறைந்தன. தும்பை புல்லோடு புல்லாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. உயிர் இருக்கிறதா என்று அதற்கே சந்தேகமாக இருந்தது. முழங்கால் எரிந்தது. எரிகிறது என்றால் உயிர் இருக்கிறது.

கிளைக்கொம்பன் மட்டும் ஓடவில்லை. இரண்டு எட்டு ஓடிவிட்டுக் கரைமேல் ஏறித் திரும்பி நின்றது. மண்ணில் குத்தி நின்ற அம்பைப் பார்த்தது. அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை நாள் சொன்னது சரியாகப் போனதே! ஓடின கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டது. அப்போதும் அதன் வால் தூக்கியபடியேதான் இருந்தது.

"மாமா, வால்!" என்று கிடந்த இடத்திலிருந்தே தும்பை கத்தியது.

"இதுவும் தவறிருச்சு, பார்த்தீங்களா? நான்தான் அன்னைக்கே சொன்னேனே, அவனுக்கு மாலைக்—"

அந்தச் சொல் முடியவில்லை. இரண்டாவது அம்பு முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் ஏறி நின்றது.

தும்பை புல்லுக்குள்ளேயே தவழ்ந்து தவழ்ந்து போய்க் குட்டியிடம் சேர்ந்தது. குட்டி முட்டி முட்டிப் பால் குடித்தது. தும்பை அழுதது. கிளைக்கொம்பன் அதைக் கேலி செய்திருக்கிறது, அதட்டியிருக்கிறது, விரட்டிவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறது. ஆனாலும் இரண்டு பஞ்சத்தில் காப்பாற்றிய மான் அல்லவா! அதை நினைத்து நினைத்து விடியும்வரை அழுதது. குளக்கரையில் நரிக்கு வேண்டியது கிடைத்தது. அது வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூங்கிப்போனது.

வெளுத்ததும் தும்பை எழுந்து மலைக்கு அந்தப் பக்கத்துச் சுனையை நோக்கி நடந்தது. யாரையும் கூப்பிடவில்லை. இருபத்தொரு மான்களும் பின்னால் வந்தன. வழியில் எங்கோ ஒரு சுள்ளி ஒடிந்தது. அடுத்த நொடி இருபத்திரண்டு மான்களும் குட்டிகளோடு தரையில் கிடந்தன.

எதிரி எத்தனை முறை தவறினான் என்று எண்ணிச் சிரிப்பவன், அந்தத் தவறுகளிலிருந்து அவன் என்ன கற்றுக்கொண்டான் என்பதைக் கடைசியில்தான் தெரிந்துகொள்கிறான்.